குருட்டிட ராடார்: அறியும் முறையும் பழுது நாடும் முறையும்

தரங்கம்பாடி என்னும் பெயர்க்கு 'அலை பாடும் ஊர்' எனப் பொருள் கூறுவார் பலர். தரங்கம் அலையே, ஆயின் பாடி என்பது ஈண்டுப் பாடுதலைக் குறியாது, குடியிருப்பையே குறிக்கும். அவ்வூர் மாசிலாமணிநாதர் கோயிலிலுள்ள மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு அதனைச் சடங்கன்பாடி எனவும் குலசேகரன்பட்டினம் எனவும் வழங்குதலின், தரங்கம் என்னும் முதற்சொல் பின்னர் வந்து புகுந்ததாதலும் கூடும். அஃது எவ்வாறாயினும், அலையின் பெயர் தாங்கிய அவ்வூரின் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் இன்று ஓடும் கார்கள் சில, கடலலையின் வேறாய ஓர் அலையைத் தம் பின்புறத்தே வீசிக்கொண்டு செல்கின்றன. அவ்வலை பக்கத்தே வரும் வண்டியை எவ்வாறு அறிகிறது என்பதையும், அறியாதொழியுங்கால் அப்பழுது எவ்வாறு நாடப்படுகிறது என்பதையும் இக்கட்டுரையில் விளக்கப் புகுந்தோம். தமிழாய்வு இதழில் இப்பொருள் எற்றுக்கு எனின், இக்கருவியைப் பற்றிய மெய்யான சிக்கல் 'இல்லை' என்னும் அறிவு எப்பொழுது செல்லும் என்பதாகும். அவ்வினாவை நம் நூல்கள் முன்னரே எழுப்பியுள்ளன என்க.

நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால், தரங்கம்பாடி, திருக்கடையூர் வழியாகச் சீகாழி, சிதம்பரம் நோக்கி வடக்கே செல்வது அந்நெடுஞ்சாலை. மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே 1926-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை 1980-களில் மூடப்பட்டபின், அப்பகுதி மக்களின் போக்குவரவு சாலையையே சார்ந்து நிற்கிறது. அறுவடைக் காலத்தில் காவிரிப் படுகையின் சாலையோரங்களில் நெல் காயும். சாலையின் ஒரு பகுதி நெல்லுக்காகிவிட, எஞ்சிய பகுதியில் பேருந்தும் காரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றையொன்று ஒட்டியே செல்லும். நெற்குவியலை விலக்கும்பொருட்டுக் காரோட்டுபவர் வலப்பக்கம் சிறிது ஒடிக்கிறார் என்று கொள்வோம். கண்ணாடியைப் பார்த்த பின்னரே ஒடித்தார்; கண்ணாடியில் எவரும் இல்லை. ஆயினும் அவர்தம் வலத்தோளுக்குச் சற்றுப் பின்னே, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருத்தல் கூடும். ஓட்டுநர் பொய் கூறவில்லை, கண்ணாடியும் பொய் காட்டவில்லை. இருந்தும் அங்கே மூன்று உயிர்கள் உள்ளன.

கண்ணாடி ஒரு குறுகிய கூம்பினுள் அடங்குவதையே காட்டும். ஓட்டுநரின் பக்கக் கண்பார்வை முன்புறத்தையும் பக்கத்தையும் பற்றும். இவ்விரண்டும் சந்தியாமல் இடையே விட்ட நிலப்பகுதியே ஓட்டுநர்கள் 'பிளைண்ட் ஸ்பாட்' என வழங்குவது. பக்கக் கண்ணாடியில் தம் காரின் உடலே தெரியுமாறு பெரும்பாலோர் அதனை உட்புறமாகத் திருப்பி வைத்துக்கொள்கின்றனர். அதனால் இப்பகுதி வீணே பெருகுகிறது. சற்று வெளிப்புறமாகத் திருப்பி வைப்பின் இதன் பெரும்பகுதி மறையும் என்பதை ஜார்ஜ் பிளாட்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் ஒரு கட்டுரையில் வடிவக்கணித வாயிலாக நிறுவினார். காசு செலவில்லாத இம்மருந்தை உட்கொள்வார் அரியர்.

சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. இவ்விடத்தைக் 'கண்படா இடம்' எனப் பெயர்த்தல் ஓசைக்கு இனிதாயினும் பொருந்தாது. பழைய வழக்கில் கண்படுதல் என்பது உறங்குதலாகலின், கண்படா இடம் உறங்காத இடமாய் முடியும். (சாலையில் உறங்காமை நன்றேயாயினும் நாம் கருதிய பொருள் அதுவன்று.) 'மறைவிடம்' வேறு பொருட்கு உரித்தாயிற்று. ஆகவே 'குருட்டிடம்' என்றே ஈண்டு வழங்குவோம். காண்பவனுக்குரிய குறையைக் காணப்படும் இடத்தின்மேல் ஏற்றிக் கூறுதல் தமிழில் இயல்பான வழக்கே. விழித்திரையிலுள்ள குருட்டுப் புள்ளி வேறு, இது வேறு என்பதை மட்டும் மனத்திற்கொள்க.

இக்குருட்டிடத்திற்கு அளவுகளும் வகுக்கப்பட்டுள்ளன. 2008-இல் வெளியான 17387 என்னும் எண்ணுடைய பன்னாட்டுத் தர ஆவணம், காரின் பக்கத்திலிருந்து அரை மீட்டர் தள்ளித் தொடங்கி 3 மீட்டர் வரை அகலமும், ஓட்டுநரின் கண்ணிருக்கும் இடத்திலிருந்து பின் பம்பருக்கு அப்பால் 3 மீட்டர் வரை நீளமும் உடைய பகுதியைக் கண்காணிப்புக்கு உரியதாகக் கொள்கிறது. அப்பகுதியை நோக்குதற்குப் பின் பம்பரின் இரு மூலைகளிலும், பிளாஸ்டிக் உறைக்கு உட்புறமாக, உள்ளங்கையளவான இரு ராடார்ப் பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். பம்பருக்கு வெளியே எதுவும் தெரியாது. தம் வண்டியில் அப்பெட்டி எவ்விடத்து உள்ளது என்பதை அறியாத உரிமையாளரே மிகுதி. அறியாமையால் விளையும் கேட்டினைப் பின்னர்க் காண்போம்.

இவ்வலைகள் மிகக் குறுகியவை. வினாடிக்கு 2,400 கோடி முறை அதிர்வதாயின் ஓரலையின் நீளம் பன்னிரண்டரை மில்லிமீட்டர்; 7,700 கோடி முறை அதிர்வதாயின் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். முன்னது பழைய கார்களிலும் பின்னது புதியனவற்றிலும் பயில்கிறது. இந்திய அரசும் 2015-இல் 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைப்பட்டையை வண்டி ராடார்களுக்கு உரிமமின்றிப் பயன்படுத்த விதி வகுத்தது. இத்தகைய மில்லிமீட்டர் அலைகளை உலகில் முதன்முதல் ஆக்கியும் கையாண்டும் காட்டினார் நம் நாட்டவரே. 1894 முதல் 1896 வரை கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போசு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அலைகளைத் தோற்றுவித்து, அவை ஒளியைப் போலவே மீள்வதையும் விலகுவதையும் ஆராய்ந்தார். அலையை வீசி அதன் எதிரொலியால் கப்பலை அறியும் கருவியை 1904-இல் கொலோன் நகரில், ரைன் ஆற்றின் பாலத்தருகே கிறிஸ்டியன் ஹுல்ஸ்மேயர் காட்டினார். வாங்குவார் இன்மையின் அது கிடப்பில் கிடந்தது. ராடார் என்னும் பெயரோ 1940-இல் அமெரிக்கக் கடற்படையார் இட்டது.

இனி, அலை தூரத்தை எவ்வாறு அளக்கிறது? மின்காந்த அலை வினாடிக்கு 30 கோடி மீட்டர் செல்லும். 3 மீட்டர் தொலைவிலுள்ள மோட்டார் சைக்கிளைத் தொட்டு மீள்வதற்கு அதற்கு வேண்டுவது ஒரு வினாடியின் ஐந்து கோடியில் ஒரு பங்கு. இத்துணைச் சிறு காலத்தை நேரே அளப்பது செலவுமிக்க செயல்; ஆகவே ஓர் உபாயம் செய்தனர். நாகசுரக்காரர் சட்சமத்திலிருந்து பஞ்சமம் நோக்கி ஒரே இழைவாகச் சுரத்தை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உள்ள கோபுரத்தில் மோதி மீளும் ஒலி, அவர் சற்று முன்னர் வாசித்த தாழ்ந்த சுரம். அவர் இப்பொழுது வாசிக்கும் சுரத்திற்கும் செவியில் வந்து விழும் சுரத்திற்கும் உள்ள வேறுபாடு, கோபுரம் தொலைவாக இருக்குமளவிற்கு மிகும். ராடாரும் தன் அதிர்வெண்ணை இவ்வாறே இழைத்து ஏற்றுகிறது. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 20 பங்கு காலத்துள் 20 கோடி அதிர்வு ஏற்றுவதாகக் கொள்வோமாயின், 3 மீட்டரிலுள்ள பொருளால் விளையும் வேறுபாடு 2 லட்சம் அதிர்வு. 6 மீட்டராயின் 4 லட்சம். காலத்தை அளப்பதை விடுத்துச் சுரவேறுபாட்டை அளக்கின்றனர் என்க. ஏற்றும் அளவு மிகுமாயின் நுட்பமும் மிகும்: 20 கோடி ஏற்றினால் முக்கால் மீட்டர் இடைவெளியுள்ள இரு பொருள்களைப் பிரித்தறியலாம், 100 கோடி ஏற்றினால் 15 சென்டிமீட்டர் இடைவெளியே போதும்.

விரைவை அறிவது 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் பிராகு நகரில் வெளியிட்ட கொள்கையால். இதற்குத் தரங்கம்பாடியினின்று நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தெற்கே அணித்தாயுள்ள காரைக்காலில் இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் நிலையம் உள்ளது. 2018 நவம்பரில் கசா புயல் வேதாரணியம் அருகே கரை கடந்தபொழுது அதன் போக்கை நோக்கிய கருவி அது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். வினாடிக்கு 10 மீட்டர், அஃதாவது மணிக்கு 36 கிலோமீட்டர், அணுகிவரும் மழைத்துளிகள் அவ்வலையின் அதிர்வை வினாடிக்கு 200 மாற்றும். அதே விரைவில் அணுகும் மோட்டார் சைக்கிள், பன்னிரண்டரை மில்லிமீட்டர் அலையில் 1,600 மாற்றும். கொள்கை ஒன்றே. ஒன்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பாலுள்ள மேகத்தை நோக்க, மற்றொன்று கையெட்டும் தொலைவை நோக்குகிறது.

திசையை அறிவது இரு செவியால் ஒலித்திசை அறிதல் போன்றது: பெட்டியினுள் அடுத்தடுத்துள்ள ஏற்பிகளில் மீளலை சிறிது முற்பட்டும் பிற்பட்டும் வந்து சேர்தலை ஒப்பிட்டுக் கோணம் கணிக்கப்படும். தூரம், விரைவு, கோணம் மூன்றும் கிடைத்தபின், அப்பொருள் வகுத்த பகுதியினுள் உளதாயின் அப்பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சிறு விளக்கு எரியும். அந்நிலையில் ஓட்டுநர் அப்பக்கம் திரும்பும் விளக்கை இடுவாராயின் அது மின்னும், ஒலியும் எழும்.

இவ்வளவில் நின்றுவிட்டால் கருவி பயனற்றதாய்விடும். ஏனெனில் சாலையோரத்து மரம், மின்கம்பம், பாலத்தின் கைப்பிடிச்சுவர், நிறுத்திவைத்த டிராக்டர் ஆகிய அனைத்தும் அலையை மீட்பன. எல்லாவற்றிற்கும் விளக்கு எரியுமாயின் ஓட்டுநர் அதனைப் பொருட்படுத்தமாட்டார். ஆகவே கார் தன் சக்கர விரைவைக் கேட்டறிந்து, அதே விரைவில் பின்னோக்கி விலகும் பொருளை நிலைத்து நிற்பது எனக் கொண்டு தள்ளிவிடும். இவ்விடத்தில்தான் நாம் நின்று நோக்க வேண்டும். நின்ற வண்டியின் மீளலை வந்து சேர்ந்தது, கருவி அதனை ஏற்றது, ஏற்றும் சொல்லாதொழிந்தது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி எடுத்துரைக்கும் அளவைக் குற்றங்களுள் 'கண்டுணராமை' என்பது ஒன்று. கண்டும் இன்னதென உணராமை அது. ஈண்டு அது வேண்டுமென்றே அமைக்கப்பட்ட குற்றமாய் நிற்கிறது! பாலச்சுவரில் பட்டுச் சாய்ந்து மீண்ட அலையை ஓடும் வண்டியின் அலையாகக் கொண்டு விளக்கு எரிவது, இப்பியை வெள்ளியெனக் கொள்ளும் 'திரியக்கோடல்'. காவிய நாயகியின் ஊராகிய புகார் தரங்கம்பாடிக்கு வடக்கே அணித்தாயிருப்பது தற்செயலே. ஆயினும் இச்சொற்களைவிடப் பொருத்தமானவற்றை இக்கருவியின் பழுதுகளுக்கு யாம் கண்டிலோம்.

அவ்வளவைவாதி அடுக்கும் அளவைகளுள் அபாவமும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்து இல்லை என்று அறிதல் அது. காணாமை ஒன்றே இன்மைக்குச் சான்றாகாது. இருந்திருப்பின் கண்டிருப்போம் என்னும் நிலை இருந்தாலன்றி அது செல்லாது என்று மீமாம்சகர் வரையறை செய்தனர். இருட்டறையில் பானை தெரியவில்லை என்பதனால் பானை இல்லையென்று கூறலாகாது; விளக்கேற்றிய அறையில் தெரியவில்லையாயின் கூறலாம். குருட்டிட விளக்கு எரியாமல் இருக்குங்கால் அதற்கு இரு பொருள் உண்டு: பக்கத்தில் வண்டி இல்லை என்பது ஒன்று, ராடார் பார்க்கவில்லை என்பது மற்றொன்று. ஓட்டுநருக்கு இரண்டும் ஒரே தோற்றமே. இவ்விரண்டையும் பிரிக்கும் தொழிலே பழுது நாடல்.

அது காரை இயக்கத் தொடங்கும் கணத்திலேயே தொடங்குகிறது. பல கார்களில் சாவி திருப்பியவுடன் இரு கண்ணாடி விளக்குகளும் ஓரிரு வினாடி எரிந்து அணையும். ஒரு பக்கம் எரியவில்லையாயின் ராடாரை ஐயுறுதற்கு முன்னர் விளக்கையும் அதன் ஒயரையும் நோக்குக. விளக்கு நன்றாயின் அடுத்தது ஸ்கேனர். ஸ்டியரிங் சக்கரத்தின் கீழுள்ள இணைப்பில் அதனைச் செருகினால் கார் தானே பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகள் வெளிப்படும். அவை பெரும்பாலும் நால்வகையில் அடங்கும்: பெட்டியோடு செய்தித் தொடர்பு அற்றது, பெட்டியினுள் பழுது, அலைவழி அடைபட்டது, பெட்டியின் கோணம் பிறழ்ந்தது.

தொடர்பு அற்றது என்னும் குறியீட்டைக் கண்டவுடன் புதுப்பெட்டி வாங்கச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அது விரைந்து கூறும் முடிபு. பெட்டிக்கு வரும் 12 வோல்ட்டு மின்சாரமும் அதன் எர்த் இணைப்பும் சரியாக உள்ளனவா என்று மல்டிமீட்டரால் முதலில் அளத்தல் வேண்டும். காரின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவது போஷ் நிறுவனத்தார் 1986-இல் வெளியிட்ட கேன் என்னும் இருகம்பி வலையால். வலையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை உண்டு. பாட்டரியைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்டும். 120 காட்டுமாயின் ஒரு முனை அறுந்தது. சுழிக்கு அணித்தாயின் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டன. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் மாரிக்கால நீரும் சேர்ந்து கனெக்டரினுள் பச்சைக் களிம்பு ஏற்றுவது யாவரும் அறிந்ததே. பின் பம்பரின் மூலை சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீருக்கு இலக்காவதால், பெட்டியைப் பழிக்கும் முன் கனெக்டரைக் கழற்றி முட்களை நோக்குவது அறிவுடைமை.

அலைவழி அடைபட்டது என்னும் குறியீடு சுவையுடையது. கார் இதனை எவ்வாறு அறிகிறது? நெடுநேரம் ஓடியும் மரமோ கம்பமோ வண்டியோ யாதொன்றின் மீளலையும் வரவில்லையாயின், 'சாலையில் ஏதேனும் இருந்தே தீரும், எதுவும் கேட்கவில்லை, ஆகவே என் செவி அடைபட்டது' என்று அது கருதலளவையால் முடிவு செய்கிறது. மேலே கூறிய மீமாம்சகர் வரையறையைத் தலைகீழாகத் தன்மேல் ஏற்றிப் பார்ப்பது இது. நீர் இவ்வலைகளை விழுங்கும் இயல்பினது. அறுவடை வயலிலிருந்து ஏறிய ஈரச்சேறு பம்பரின்மேல் அப்பியிருப்பினும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நீர்ப்படலம் படர்ந்திருப்பினும் இக்குறியீடு எழும். கழுவித் துடைத்தால் நீங்கும். மரமும் வண்டியுமற்ற வெட்டவெளியில் நெடுந்தொலைவு ஓடினால், பழுது யாதுமின்றியும் இக்குறியீடு எழலாம். உப்பளங்களூடே செல்லும் வெறுஞ்சாலையை எண்ணிப் பார்க்க. ஆகவே எவ்விடத்து ஓட்டுங்கால் எழுந்தது என்று உரிமையாளரை வினவாமல் இக்குறியீட்டுக்குப் பொருள் கொள்ளலாகாது.

யாவற்றினும் இடர்மிக்கது குறியீடே எழாத பழுது. ஒரு காரின் பின் பம்பர் மூலை சுவரில் உராய்ந்தது எனக் கொள்வோம். பட்டறையில் பட்டி பூசித் தேய்த்து, உலோகத்துகள் கலந்த வண்ணம் அடித்துப் புதிதுபோல ஆக்கித் தருகின்றனர். கண்ணுக்கு ஒரு குறையுமில்லை. ஆயின் ராடாருக்கு அப்பம்பர் சாளரக் கண்ணாடி போன்றது. 4 மில்லிமீட்டர் அலை பம்பர் பிளாஸ்டிக்கினுள் புகுங்கால் ஏறத்தாழ 2.6 மில்லிமீட்டராகச் சுருங்கும். உறையின் தடிப்பு அதன் பாதியாகவோ பாதியின் மடங்காகவோ இருந்தால், முன்புறத்தும் பின்புறத்தும் மீளும் சிற்றலைகள் ஒன்றையொன்று அழிக்க, பேரலை தடையின்றிச் செல்லும். அரை மில்லிமீட்டர் பட்டி இக்கணக்கைக் கெடுக்கும். உலோக வண்ணம் பல பூச்சாயின் மேலும் கெடுக்கும். போதற்கும் மீளற்குமாக அலை இருமுறை அவ்வுறையைக் கடக்க வேண்டும் என்பதை மறவற்க. மீளலையின் வலிமையோ தூரம் இரட்டித்தால் பதினாறில் ஒன்றாய்க் குறையும் இயல்பினது. ஆகவே பேருந்து தெரியும், கார் தெரியும். மெலிந்த மீளலை தரும் மோட்டார் சைக்கிள் மட்டும் தெரியாது. அடைப்பு முழுமையன்று ஆகலின் கார் தன்னைக் குறைகூறிக்கொள்ளாது, குறியீடும் இல்லை. எவரைக் காத்தற்கு இக்கருவி மிகவும் வேண்டப்பட்டதோ அவரையே அது விட்டுவிடுகிறது.

பம்பரின் உட்பட்டை வளைந்து பெட்டி சாய்ந்துவிடுவதும் இத்தகையதே. 5 பாகைச் சாய்வு கைக்குத் தெரியாது. ஆயின் 20 மீட்டர் பின்னே அது ஒன்றே முக்கால் மீட்டர் பிறழ்ச்சியாகிறது. மூன்றரை மீட்டர் அகலமுள்ள சாலைத்தடத்தில் அது சரிபாதி. தன் பின்னே வரும் வண்டியைப் பக்கத்தில் வருவதாகவும், பக்கத்தில் வருவதை அப்பால் வருவதாகவும் கருவி கொண்டுவிடும். இதனைத் திருத்துதற்கு, ஒன்றற்கொன்று செங்குத்தாய மூன்று உலோகத் தகடுகளால் ஆன மூலை மீட்பி ஒன்றைக் காருக்குப் பின்னே, ஆக்கியோர் கூறிய இடத்தில் நிறுத்துவர். எத்திசையிலிருந்து வந்த அலையையும் வந்த திசையிலேயே திருப்புவது அதன் இயல்பு. ஸ்கேனர் காட்டும் கோணத்தையும் மெய்க்கோணத்தையும் ஒப்பிட்டுப் பெட்டிக்கு அறிவுறுத்துவர். சில கார்கள் நேரான சாலையில் ஓட்டினால் தாமே திருந்திக்கொள்ளும். எம்முறையாயினும் தரை சமமாகவும் டயர்க்காற்று அளவாகவும் இருத்தல் வேண்டும். பம்பரைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் இதனைச் செய்தல் கடன். விபத்துக்குப்பின் வண்ணம் பார்ப்போர் இதனைக் கேட்பதில்லை, பட்டறையாரும் கூறுவதில்லை.

இறுதிச் சோதனை எளியது. அதனையே பலர் செய்யாது விடுகின்றனர். போக்குவரவு குறைந்த நேரான இடத்தில் காரை ஒரே சீராக ஓட்டி, ஒருவரை மோட்டார் சைக்கிளில் முதலில் வலப்புறமாகவும் பின்னர் இடப்புறமாகவும் மெல்ல முந்திச் செல்லச் செய்தல் வேண்டும். காரினுள் மற்றொருவர் அமர்ந்து, விளக்கு எரியத் தொடங்கியபொழுது சைக்கிள் எவ்விடத்து இருந்தது, அணைந்தபொழுது எவ்விடத்து இருந்தது என்று குறித்துக்கொள்க. இரு பக்கக் குறிப்புகளும் ஒத்திருத்தல் வேண்டும். இடப்புறத்தே பின் பம்பர் அருகிலேயே எரிந்த விளக்கு, வலப்புறத்தே சைக்கிள் பின்கதவு வரை வந்தபின்னர் எரியுமாயின், ஸ்கேனரில் குறியீடு இல்லை என்னும் காரணம் காட்டி வண்டியை உரியவரிடம் ஒப்புவித்தல் ஆகாது. வலப்புற மூலையின் பட்டியைச் சுரண்டித் தடிப்பை அளத்தல் வேண்டும்.